குடியிருப்புத் தெருவில் வாகன நிறுத்தமும் வேக வரம்பும்: விதி வகுக்கும் முறை

சென்னையின் உட்புறத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ‘நோ பார்க்கிங்’ என்று எழுதிய தகரப் பலகை தொங்குகிறது; அதன் கீழே மணல் மூட்டையோ உடைந்த பூந்தொட்டியோ இடம் பிடித்து நிற்கிறது. பிறர் வாசலை மறித்து வண்டியை நிறுத்துவது பலகை இல்லாவிட்டாலும் தவறுதான். ஆனால் தெருவின் மற்றப் பகுதிகளைப் பொறுத்தவரை, வீட்டுக்காரர் தாமாக மாட்டிய பலகைக்குச் சட்ட வலிமை கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 112-ஆம் பிரிவு வேக வரம்பையும், 115-ஆம் பிரிவு வாகனக் கட்டுப்பாட்டையும், 117-ஆம் பிரிவு நிறுத்துமிடங்களையும் பற்றிப் பேசுகின்றன. ஒரு தெருவுக்கென இவற்றை விதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் மட்டுமே உண்டு. எனவே தெருவாசிகள் செய்யக்கூடியது, மறுக்க முடியாத அளவுக்கு ஆதாரத்தோடு ஒரு முன்மொழிவைத் தயாரித்து அந்த அதிகாரிகளிடம் சேர்ப்பதாகும்.

முதல் வேலை அளப்பது. தெருவின் அகலத்தை நடைபாதை நீங்கலாக மூன்று இடங்களில் டேப் வைத்து அளந்து, அவற்றுள் மிகக் குறுகிய அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். ஆறு மீட்டர் அகலமுள்ள தெருவில் ஒரு கார் நின்றால், சுவரோர இடைவெளியையும் சேர்த்து இரண்டு மீட்டர் போய்விடும். இருபுறமும் நின்றால் நடுவில் மிஞ்சுவது இரண்டு மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமோ ஏறத்தாழ இரண்டரை மீட்டர். இந்த ஒரு கணக்கைக் காகிதத்தில் வரைந்து காட்டினாலே, ஒருபுறம் மட்டும் நிறுத்த அனுமதிக்கலாம் என்பதற்கு அண்டை வீட்டார் பெரும்பாலும் இசைந்துவிடுவார்கள்.

அடுத்து, காலை எட்டு மணி, பிற்பகல், இரவு பத்து மணி என மூன்று வேளைகளில் நிற்கும் வண்டிகளை எண்ணி, எண் பலகையின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில், எவை தெருவாசிகளுடையவை, எவை கடைக்கு வந்துபோகின்றவை, எவை உறை போர்த்தி அசையாமல் கிடப்பவை என்பது தெளிவாகிவிடும். தள்ளுவண்டி வியாபாரிகள் நிற்கும் இடங்களையும் வரைபடத்தில் கட்டாயம் குறிக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுடைய பிழைப்புக்குப் பாதுகாப்பு அளிக்கிறது, ஆகவே கார் நிறுத்துவதற்காக அவர்களை விரட்டுவது முறையன்று.

வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சாலையோரத்தில் சாக்பீஸால் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, ஒரு வண்டி அவற்றைக் கடக்கும் நேரத்தைக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். 108-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும்: 3.6 விநாடி என்றால் 30, 2.7 என்றால் 40. சாலையில் நின்று குறிப்பெடுத்தால் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அளப்பதே சரி. தடையின்றிப் போகும் நூறு வண்டிகளை அளந்து, வேகத்தை ஏறுவரிசையில் எழுதி, 85-ஆவது எண்ணைப் பாருங்கள்; நூற்றில் 85 வண்டிகள் அந்த வேகத்தைத் தாண்டவில்லை என்பதே அதன் பொருள். அது 45-ஐத் தொட்டால், வெறும் பலகை போதாது, சாலையின் அமைப்பும் மாற வேண்டும் என்று பொருள்.

குடியிருப்புத் தெருவுக்கு மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்ற வரம்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. குழந்தை குறுக்கே ஓடுவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியில் 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் எட்டு மீட்டரும், 50-இல் வருவது பதினான்கு மீட்டரும் கடந்துவிடுகின்றன. முதல் கார் நின்றே விடும் தூரத்தில் இரண்டாவது காருக்கு அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளுக்கு எல்லா வாகனங்களுக்கும் மணிக்கு 30 கி.மீ. என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. ஆதலால் அங்கே புதிய விதி கேட்க வேண்டியதில்லை. பலகையும் கண்காணிப்பும் கேட்டால் போதும்.

நிறுத்தத்துக்கான விதியை எழுதும்போது தெருமுனைகளிலிருந்து தொடங்குங்கள். முனையில் நிற்கும் ஒரு வேன், திரும்பும் ஓட்டுநரின் கண்ணை முழுதாக மறைத்துவிடுகிறது. பிறகு எந்தப் பக்கம் நிறுத்தலாம் என்று முடிவு செய்ய, கேட்டுகள் குறைவாகவும் மின்பெட்டி, பள்ளி வாசல் ஆகியவை இல்லாமலும் இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நீண்ட தெருவானால், பாதித் தூரம் ஒரு பக்கமும் மீதித் தூரம் மறுபக்கமுமாக நிறுத்த விட்டால், நேர்கோட்டில் சீறிப் போக முடியாமல் வேகமும் தானாகத் தணியும். விதியின் வாசகம் ‘கடை அருகே’ என்று இருக்கக் கூடாது. கடை மாறிவிடும், விளக்குக் கம்பம் மாறாது. இந்த எண் கம்பத்திலிருந்து அந்த எண் கம்பம் வரை என்று எழுதுங்கள்.

வேகத்தடையைத் தாங்களே சிமென்ட் கொட்டிக் கட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டும். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் 1988-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் (2018-இல் அது திருத்தப்பட்டது), 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வளைந்த தடை, வண்டி செல்லும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருந்தது. நம் தெருக்களில் காணப்படும் குறுகிய செங்குத்து மேடுகள், இரவில் பின்னிருக்கையில் அமர்ந்து வரும் பெண்களையும் முதியவர்களையும் தூக்கி எறிகின்றன.

வரைபடம், அளவுகள், வாசகம் ஆகியவற்றோடு மனுவைச் சென்னையில் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும், பிற ஊர்களில் உள்ளாட்சி அமைப்புக்கும் ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் தர வேண்டும். வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசுவதற்காக 2022 நவம்பர் முதல் நடத்தப்படும் பகுதி சபைக் கூட்டத்தில் அதை முன்வைத்துப் பேசினால் வார்டு உறுப்பினரின் ஆதரவும் கிடைக்கும். நிரந்தர விதிக்கு அரசிதழ் அறிவிக்கை வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அது தேவையில்லை என்று 112, 115 ஆகிய பிரிவுகளே கூறுகின்றன. பலரும் கவனிக்காத இந்த வசதியைப் பயன்படுத்தி, முதலில் ஒரு மாதச் சோதனையைக் கேளுங்கள். தயங்கும் அதிகாரியும் மறுக்கும் அண்டை வீட்டாரும் அதற்கு எளிதில் சம்மதிப்பார்கள்.

சோதனை தொடங்கிய முதல் வாரத்திலேயே, இரவில் ஒருமுறை வண்டியில் வந்து, வேப்பங்கிளை பலகையை மறைக்கிறதா என்று பாருங்கள். மாத முடிவில் அதே கோடுகளுக்கிடையே மீண்டும் நூறு வண்டிகளை அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதி, அந்தத் தாளை நிரந்தர விதிக்கான மனுவோடு இணைத்துவிடுங்கள்.