சிக்னல் இல்லாத மலையிலிருந்து அம்மாவுக்கு ஒரு வரி

கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் ஜான் மியூர் பாதையில் நடந்தால் நாள்கணக்கில் செல்போன் சிக்னல் இருக்காது. நான் கொண்டுபோவது கார்மின் இன்ரீச் மினி என்ற செயற்கைக்கோள் செய்திக் கருவி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி போகும், வரும்.

கிளம்பும் முன்பே சந்தாவைத் தொடங்கி, வெட்டவெளியில் நின்று ஒரு செய்தி அனுப்பிப் பதிலும் வாங்கிப் பாருங்கள். அவசரத் தொடர்பு எண்களைக் கணக்கில் நிரப்புங்கள். அடிக்கடி அனுப்பும் வரிகளை முன்கூட்டியே எழுதி ஏற்றிக்கொள்ளலாம். "கூடாரம் போட்டாச்சு, நலம்" என்பது என்னுடையது. ஆங்கில எழுத்தில்தான் அடிப்பேன். புதிதாக எழுதினால் 160 எழுத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அந்தப் பாதையில் உள்ள எவல்யூஷன் பள்ளத்தாக்கில் ஒரு தப்பு செய்தேன். சாயங்காலம் ஏழரைக்கு, அம்மாவுக்கு மதுரையில் காலை எட்டு மணி, அந்த வரியை அனுப்பிவிட்டுக் கருவியைப் பைக்குள் திணித்துத் தூங்கிவிட்டேன். மேலே அடர்ந்த பைன் மரங்கள், இருபக்கமும் மலைச்சுவர். மறுநாள் எவல்யூஷன் ஏரிக்கு ஏறி, வானம் திறந்த பிறகுதான் செய்தி போனது. மதுரையில் அப்போது இரவு பத்தரை. அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆகவே அனுப்பு பொத்தானை அழுத்தினால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வரும்வரை, ஆன்டெனா வானத்தைப் பார்க்கும்படி திறந்த இடத்தில் வையுங்கள். நடக்கும்போது பையின் தோள்பட்டையில் மாட்டுங்கள். செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒன்று மலைக்குப் பின்னால் மறைந்தாலும் சில நிமிடத்தில் இன்னொன்று வரும். ராத்திரி குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; செய்தி போனதும் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டோடு ஒரு ஒப்பந்தம் வேண்டும். எங்களுடையது இது: ஒரு நாள் செய்தி வராவிட்டால் கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் ஆனால் என் தங்கை பூங்கா அலுவலகத்தைக் கூப்பிடுவாள்.

அவசர உதவி கேட்கும் எஸ்ஓஎஸ் பொத்தான் மூடிக்குள் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் அழுத்துங்கள். என்ன காயம், எத்தனை பேர், நடக்க முடியுமா என்று மீட்பு மையத்துக்கு எழுதுங்கள். கருவியை அணைக்காதீர்கள், இடத்தை விட்டு நகராதீர்கள்.

ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய ஐபோன்களிலும் அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று திரையே காட்டும். ஆனால் என் போன் படம் எடுத்தே செத்துப்போகும்.

ஊருக்கு வரும்போது இன்ரீச்சை எடுத்து வராதீர்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் இதை வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். என்னுடையது கலிபோர்னியா வீட்டு அலமாரியிலேயே இருக்கும்.