வீட்டுக்கு ஒரு டெஸ்க்டொப்: குறைந்த காசில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு, பாஸ்ட் பேப்பர் டவுன்லோட், விண்ணப்பப் படிவங்கள், யூடியூப், சின்னக் கடை என்றால் அதன் கணக்கு. வீட்டுத் தேவை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்குப் புத்தம் புதிய கொம்பியூட்டர் தேவையில்லை. அலுவலகங்கள் பாவித்துக் கழித்தபின் துப்பரவு செய்து விற்கப்படும் டெல், எச்.பி., லெனோவோ டெஸ்க்டொப்களே போதும். நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்தவை என்பதால், அதே காசுக்கு வரும் புதிய மலிவுப் பெட்டிகளைவிட உறுதியாக நிற்கும். மட்டக்களப்பு டவுனில் வாங்கினாலும் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறையில் வாங்கினாலும் பார்க்க வேண்டிய ஒழுங்கு ஒன்றுதான்.

படி 1: ப்ரொசெஸரின் முழு நம்பரைக் கேளுங்கள்

"ஐ5 மெஷின்" என்று கடையில் சொன்னால் அது எதையும் சொல்லவில்லை. ஐ5 என்பது கொம்பியூட்டரின் மூளையான ப்ரொசெஸருக்கு இன்டெல் நிறுவனம் வைத்த வரிசைப் பெயர்; அது 2009 முதல் இருக்கிறது. பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் நம்பரை. நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம்தான் தலைமுறை: ஐ5-8500 எட்டாம் தலைமுறை, ஐ5-4570 நான்காம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு: ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் ப்ரொசெஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன; டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மெஷினில் இந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தரும் கடைகள் உண்டு. அது ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசொஃப்ட் அந்த மெஷினுக்குத் தருவதில்லை. ஆகவே பழைய ஐ7-4770-ஐயும் ஐ3-8100-ஐயும் ஒரே விலைக்குக் காட்டினால், யோசிக்காமல் ஐ3-ஐ எடுங்கள்.

கேட்டு வாங்க வேண்டிய மொடல்கள்: டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி4. லெனோவோ திங்க்சென்டர் எம்720. ஒப்டிபிளெக்ஸ் 3050, 7050 இரண்டும் பார்வைக்கு இவற்றைப் போலத்தான் இருக்கும். ஆனால் அவை ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை.

இன்னொரு பொறி, கலர் லைட் எரியும் புதுப் பெட்டி. வெளியே எல்லாம் புதிது. உள்ளே எச்61 அல்லது எச்81 என்ற பழைய மதர்போர்ட் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் அடித்தட்டு), அதில் இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை ப்ரொசெஸர். "பிராண்ட் நியூ" என்று சொன்னாலும் மதர்போர்ட்டின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 2: எஸ்.எஸ்.டி., ரேம்

ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் எவ்வளவு நல்ல ப்ரொசெஸரும் தவழும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், அதைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்புப் பாகம்தான் எஸ்.எஸ்.டி.; 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கட்டாயம். படங்கள், வீடியோக்கள் நிறைய இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேம் 8 ஜி.பி. இருந்தால் ஆரம்பிக்கலாம். ஒரே 8 ஜி.பி.யைவிட இரண்டு 4 ஜி.பி. வேகம், ஏனென்றால் ப்ரொசெஸருக்குள் இருக்கும், திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதியும் அதே ரேமைத்தான் பாவிக்கிறது. ஆனால் ரேம் செருக இரண்டு இடம் மட்டுமே உள்ள மதர்போர்ட் என்றால், பின்னர் கூட்டுவதற்காக ஒன்றை வெறுமையாக விடுவதே புத்தி.

படி 3: பெட்டியும் மொனிட்டரும்

மெலிந்த சிறிய பெட்டி மேசையில் இடம் மிச்சப்படுத்தும். ஆனால் பின்னர் கிராஃபிக்ஸ் கார்ட் போல ஏதாவது சேர்ப்பதென்றால் அரை உயரக் கார்ட்கள்தான் பொருந்தும். டெல், எச்.பி. பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்த மொடலுக்கே உரிய வடிவம். பழுதானால் கடையில் உள்ள சாதாரண ஒன்றை மாட்ட முடியாது. மாற்று பவர் சப்ளை தங்களிடம் கிடைக்குமா என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மொனிட்டர் 22 அங்குலம், 1920 x 1080 போதும். கேபிளைக் கவனியுங்கள். இந்த அலுவலக மெஷின்களில் டிஸ்பிளேபோர்ட் என்ற வகைத் துளைதான் அதிகம், மலிவு மொனிட்டரில் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. வகைத் துளைகள்தான் இருக்கும். பொருத்தமான கேபிளைக் கடையிலேயே மாட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலான டெஸ்க்டொப்பில் கமெராவும் மைக்கும் இல்லை, பலவற்றில் வைஃபையும் இல்லை. ஒன்லைன் வகுப்புக்கு வெப்கேம், ஹெட்செட், யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள் மூன்றையும் செலவுக் கணக்கில் இப்போதே சேருங்கள். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் ஒரு லேன் கேபிள் டொங்கிளைவிட நல்லது.

படி 4: காசு கொடுக்கும் முன் கடையில் செய்ய வேண்டியவை

அவசரப்படாமல் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் ப்ரொசெஸரின் முழுப் பெயர், ரேம் அளவு, எத்தனை ரேம் இடம் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா என்பதெல்லாம் தெரியும். கடைக்காரர் சொன்னதோடு ஒப்பிடுங்கள்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென் ட்ரைவில் கொண்டுபோய் ஓடவிட்டால் டிஸ்க்கின் ஆரோக்கியமும் ஓடிய மணித்தியாலங்களும் வரும். மஞ்சள் அல்லது சிவப்பு காட்டினால் வேறு டிஸ்க் கேளுங்கள்.

செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அக்டிவேஷன். "டிஜிட்டல் லைசன்ஸ்" என்று இருந்தால் நல்லது. "நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை" என்ற பொருளில் இருந்தால், வீட்டு மெஷினில் அது திருட்டு விண்டோஸின் அடையாளம்.

அடுத்தது பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன் திறக்கும் மெஷினின் அடிப்படை அமைப்புப் பக்கம். ஒன் செய்யும்போது டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்ட் கேட்டால் வாங்க வேண்டாம். பழைய அலுவலகத்தின் பூட்டு இன்னும் கிடக்கிறது. அங்கேயே நேரத்தைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஒன் செய்யும்போது நேரம் பின்னுக்குப் போயிருந்தால் சிஆர்2032 பட்டரி செத்துவிட்டது. மலிவான சாமான்தான், ஆனால் தேதி பிழைத்தால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்காமல் நிற்கும். போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு 1080 வீடியோவைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு யூ.எஸ்.பி. துளையிலும் பென் ட்ரைவைச் செருகிப் பாருங்கள். காற்றாடி இரைந்து மெஷின் தானாக நின்றால், உள்ளே தூசி அடைத்திருக்கலாம் அல்லது ப்ரொசெஸர் மேலுள்ள, அதன் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

உத்தரவாதம் எத்தனை மாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்பதைப் பில்லில் எழுத்தாக வாங்குங்கள். கொழும்பிலிருந்து ஒன்லைனில் எடுப்பது கொஞ்சம் மலிவாக இருக்கலாம். பழுதானால் அந்தப் பெட்டியைப் பொதி செய்து திருப்பி அனுப்பும் செலவும் ஆபத்தும் உங்கள் தலையில்தான். முதன்முதல் வாங்குபவருக்குப் பக்கத்துக் கடையே நல்லது.

படி 5: நம் ஊர் மின்சாரம், இடி, கடற்காற்று

காசு குறைந்தால் மொனிட்டரின் அளவைக் குறையுங்கள், யூ.பி.எஸ்.ஸை (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் தரும் பட்டரிப் பெட்டி) விடாதீர்கள். 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று, கரண்ட் போனால் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க நேரம் தரும். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால் ஃபைலும் சில நேரம் விண்டோஸும் கெடும். லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது. அதன் சூடாக்கி இழுக்கும் மின்சாரம் யூ.பி.எஸ்.ஸைத் தடக்கென நிறுத்திவிடும்.

மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை மல்டி பிளக்கில் திணிக்காதீர்கள். எர்த் இல்லையென்றால் பெட்டியின் தகரத்தைத் தொடும்போது சுர்ரென்று பிடிக்கும். திடீர் மின் உயர்விலிருந்து காக்கும் சேர்ஜ் ப்ரொடெக்டரும் தன் வேலையை முழுதாகச் செய்யாது. எர்த் சரியா என்று ஒரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பது, பெட்டி வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை போலக் கடலோர வீடுகளில் உப்புக் காற்று பின்பக்கத் துளைகளையும் ரேமின் முனைகளையும் அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். பெட்டி தரையில் வேண்டாம், மேசை மேல் இருக்கட்டும். மாரியில் தண்ணீர் உள்ளே வரும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம்.

இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சுவரிலிருந்து பிளக்கை உருவி, ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றுங்கள். பழைய செப்புத் தொலைபேசி இணைப்பு உள்ள வீடு என்றால் அந்த வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்ற வேண்டும், மின்னல் அதன் வழியாகவும் மதர்போர்ட் வரை வரும். இதையெல்லாம் மின்னல் தூரத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். தலைக்கு மேல் வந்துவிட்டால் வயரைத் தொடாதீர்கள்.