லயத்து வீட்டில் தொழில் தொடங்குமுன் பழக வேண்டிய குணங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம், லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) முறுக்கு சுடவும் சட்டை தைக்கவும் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் பல வீட்டுத் தொழில்கள் சில மாதங்களில் நின்றுவிடுகின்றன. கடனுக்கு மறுப்புச் சொல்ல முடியாமலும், கணக்கு எழுதாமலும், சொன்ன நாளில் கொடுக்க முடியாமலும்தான் நிற்கின்றன. இவை பழகினால் வரக்கூடிய குணங்கள். பெரிய காசு போடுமுன் ஒரு மாதம் சின்ன அளவில் பழகிப் பாருங்கள். முறுக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் எழுதும் பழக்கம் வேண்டும். கணக்கு எழுத ஒரு சீஆர் கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி), ஒரு டிஜிட்டல் தராசு, மூடியுள்ள இரண்டு டின் போதும். ஒரு டின் வீட்டுக் காசுக்கு, மற்றது தொழில் காசுக்கு. வறுத்த அரிசி மா ஒரு கிலோவுக்கு உளுந்து மா 250 கிராம் என்று வைத்தால், ஒவ்வொரு தடவையும் அதே அளவுதான். கைக்கணக்கில் போட்டால் ஒரு நாள் கடிக்க முடியாது, ஒரு நாள் உதிரும். கடைக்காரர் அடுத்த முறை எடுக்கமாட்டார்.

விலை போடும்போது பலரும் மாவையும் எண்ணெயையும் மட்டும் கூட்டுகிறார்கள். கேஸ் விட்டுப்போகிறது. அதற்கு ஒரு வழி உண்டு. வழக்கமாக 45 நாள் வரும் சிலிண்டர், தொழில் தொடங்கியபின் 30 நாளில் முடிந்தால், அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு தொழிலுடையது. அதை அந்த 30 நாளில் எத்தனை தடவை சுட்டீர்களோ அதால் வகுங்கள். இப்போது ஒரு தடவை சுடுவதற்கான கணக்கைப் பாருங்கள்: சாமான், கேஸ், பைக்கட் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். உங்கள் 4 மணித்தியாலக் கூலி 600. மொத்தம் 2,100. 100 கிராம் பைக்கட் 15 வந்து, ஒன்று நொறுங்கிப்போனால் விற்க மிஞ்சுவது 14. ஒன்றின் அடக்கவிலை 150. கடைக்கு 180க்குக் கொடுத்தால் கூலி போக மிஞ்சும் லாபம் 420 ரூபாய். (இந்த விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

இந்த 420ஐ மனதில் வையுங்கள், கடன் விஷயம் இதில்தான் இருக்கிறது. லயத்தில் எல்லாரும் அக்கா, மாமி, மச்சாள். 10ஆம் திகதி வாக்கில் சம்பளம் வரும், 20 தாண்டினால் கையில் காசு இருக்காது. இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) வந்து நின்று, "அக்கா, ரெண்டு பைக்கட் தாங்க, சம்பளத்துக்குத் தாறேன், எழுதி வைங்க" என்பார்கள். இரண்டு பைக்கட் 360 ரூபாய், லாபத்துக்குள் அடங்கும். மூன்றாவதைக் கொடுத்த உடனே 540, உங்கள் கூலியை எடுத்துவிட்டால் அடுத்த தடவை மா வாங்கும் காசில் கை வைத்துவிட்டீர்கள். ஆகவே ஒரு தடவை சுட்டால் எல்லாருக்கும் சேர்த்து இரண்டு பைக்கட்தான் கடன், அதற்குமேல் யாருக்கும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஒரு விதி வைத்தால்தான் சண்டை வரும். அந்த இரண்டும் போனபின் கேட்பவரிடம், "தங்கச்சி, மா வாங்குற காசு இது, இதுல கடன் குடுக்க மாட்டேன். நாளைக்கு உடைஞ்சது இருந்தா புள்ளைக்குத் தாறேன்" என்று முகம் கோணாமல் சொல்லலாம். தாய் கேட்டாலும் இதே பதில்தான். இதைச் சொல்ல முடியாதவர்கள் லயத்தில் விற்காமல், டவுன் கடைக்கு மட்டும் கொடுப்பது நல்லது.

அடுத்தது முன்யோசனை. மலைநாட்டுக் காலநிலை சொன்ன பேச்சுக் கேட்காது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், கடலையும் பருப்பும் அவிய அதிக நேரம் பிடிக்கும். இரவுக் குளிரில் தோசை மா 8 மணித்தியாலத்தில் புளிக்காது. அடுப்போரம் வைத்தாலும் கூடுதல் நேரம் கொடுக்கத்தான் வேண்டும். காலையில் கேட்டு மாலையில் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஓடரை ஒரு நாள் முன்னரே எடுங்கள்.

பொறுமை தேவைப்படும் இடம் பைக்கட் போடும்போது. சூடு இருக்கும்போதே சீல் வைத்தால் உள்ளே ஆவி வேர்த்து முறுக்கு நமத்துவிடும். ஆறட்டும் என்று பனிமூட்ட நேரத்தில் திறந்த தட்டில் விட்டாலும் ஈரம் ஏறும். அடுப்படியின் வெப்பத்தில், தாள் விரித்த டின்னில், மூடியைச் சற்றே திறந்து வைத்து, தொட்டால் கையில் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். மே தொடங்கி செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை. அந்த மாதங்களில் குறைவாகச் சுட்டு அடிக்கடி கொடுங்கள்.

நேர ஒழுங்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: பிள்ளைகள் பாடசாலை போனதிலிருந்து திரும்பும்வரை உள்ள நேரம் தொழிலுக்கு. அந்த நேரத்தில் அரட்டைக்கு வருபவர்களை வேலை முடிந்தபின் வரச் சொல்லுங்கள். பைப்பில் தண்ணீர் வரும் நேரத்தைப் பார்த்துப் பாத்திரம் கழுவும் வேலையை வையுங்கள்.

ஒரு மாதக் கணக்கில் தொழில் டின்னில் காசு கூடியிருந்தால், கிராம சேவகரிடம் போய் வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு என்ன கடிதங்கள் வேண்டும் என்று கேட்டு, பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையலறையைப் பார்க்கச் சம்மதியுங்கள். பைக்கட்டில் பெயர், முகவரி, நிறை, விலை, சேர்மானங்கள், செய்த திகதி, காலாவதித் திகதி எல்லாம் போடுங்கள். டின்னில் காசு குறைந்திருந்தால், புது மெஷினோ பெரிய தாச்சியோ வாங்காமல், கொப்பியில் கடன் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்.