வலென்சியாவில் விடுமுறையும் விழாவும்: வெளியூர்க்காரர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

ஸ்பெயினின் வலென்சியா நகரில் மார்ச் 19 அரசு விடுமுறை. ஆனால் ஃபாயாஸ் என்ற பெருவிழாவுக்காக நகரம் 15-ஆம் தேதியே வழக்கமான வேலையை விட்டுவிடும். ஜனவரி 22-உம் விடுமுறைதான். அன்று ஓர் ஊர்வலம் போகும், கடைகள் பூட்டியிருக்கும், அதைத் தாண்டிப் பெரிய ஆரவாரம் இருக்காது. நாட்காட்டியில் இருக்கும் விடுமுறை வேறு, தெருவில் நடக்கும் விழா வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திட்டம் போடுவதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் தொடங்குகிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கும் சரி, படிக்கவோ வேலைக்கோ வந்து தங்கியிருப்பவர்களுக்கும் சரி.

"ஸ்பெயின் விடுமுறைப் பட்டியல்" என்று இணையத்தில் தேடுவது

அப்படித் தேடினால் கிடைப்பது பாதிப் பட்டியல்தான். ஸ்பெயின் தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 14 விடுமுறைகள். அதில் இரண்டு அந்தந்த ஊருக்கு உரியவை. மீதியில் சில நாடு முழுமைக்கும் பொது, சிலவற்றை மாநில அரசு ஒவ்வோர் ஆண்டும் முடிவு செய்யும். வலென்சியா நகரத்தின் இரண்டு உள்ளூர் விடுமுறைகளும் விசென்ட் என்ற பெயருள்ள இரண்டு புனிதர்களுக்கு உரியவை. ஒருவர் மறைசாட்சி புனித விசென்ட், ஜனவரி 22. இன்னொருவர் புனித விசென்ட் ஃபெரர். இவருடைய நாள் ஈஸ்டர் திங்களுக்கு அடுத்த திங்கள் என்பதால் ஆண்டுதோறும் தேதி மாறும். 2026-ல் அது ஏப்ரல் 13.

உள்ளூர் விடுமுறை ஊர் எல்லையோடு முடிந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் தொர்ரெந்த், பத்தெர்னா போன்றவை தனி நகராட்சிகள். அவற்றுக்கு வேறு தேதிகள். நகருக்குள் குடியிருந்துகொண்டு பத்தெர்னாவில் வேலை பார்ப்பவர் ஜனவரி 22 அன்று வீட்டில் இருந்துவிட்டால் அது விடுப்புக் கணக்கில் போய்விடும். குடியிருக்கும் ஊரின் விடுமுறை செல்லாது, வேலை செய்யும் இடத்தின் விடுமுறைதான் செல்லும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அலுவலகத்தின் வேலை நாட்காட்டியை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

ஈஸ்டர் வாரத்திலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. தலைநகர் மாத்ரித்தில் பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) விடுமுறை, ஈஸ்டர் திங்கள் வேலை நாள். வலென்சியாவில் வழக்கமாக அது தலைகீழ்: வியாழன் வேலை நாள், வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் விடுமுறை. மாத்ரித் நண்பர்களோடு சேர்ந்து பயணம் போடுகிறவர்கள் இதைப் பார்க்காமலே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

விடுமுறை ஞாயிறன்று வந்தால் திங்கள் தானாக விடுமுறையாகிவிடும் என்று நம்ப வேண்டாம். மாற்றுவதா இல்லையா என்பதை மாநில அரசு முடிவு செய்து முன்கூட்டியே அரசிதழில் வெளியிடும். 2026-ல் நவம்பர் 1-உம் டிசம்பர் 6-உம் ஞாயிற்றுக்கிழமைகள்; அதற்கு அடுத்த திங்களில் ஊருக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் அரசிதழைப் பார்த்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கவும்.

அரசு அலுவலகக் கெடுவைத் தப்பாக எண்ணுவது

பணம் காசு, விசா, அபராதம் என்று நிஜமாகவே கையைச் சுடும் இடம் இது. அரசு அலுவலகத்திலிருந்து "10 நாளுக்குள் பதில் தருக" என்று கடிதம் வந்தால், வேறு விதமாகக் குறிப்பிடாதவரை அவை வேலை நாட்கள். சனி, ஞாயிறு, விடுமுறை மூன்றும் கணக்கில் வராது. 2015-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் சட்டம் சொல்வது இது. கடிதம் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2026 ஜனவரி 14, புதன்கிழமை கடிதம் வருகிறது. 15, 16, 19, 20, 21 என ஐந்து நாள். 22 உள்ளூர் விடுமுறை, எண்ணக் கூடாது. பிறகு 23, 26, 27, 28, 29. ஆகக் கடைசி நாள் 29, வியாழன். சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது: விண்ணப்பதாரர் குடியிருக்கும் ஊரில் வேலை நாளாக இருந்து அலுவலகம் உள்ள ஊரில் விடுமுறையாக இருந்தாலும், அல்லது இது மாறி இருந்தாலும், அந்த நாள் கணக்கில் வராது. ஆகவே தொர்ரெந்த்தில் குடியிருப்பவர் வலென்சியா அலுவலகத்துக்குப் பதில் தரும்போதும் 22-ஐ விட்டுவிடலாம். நாள், மாதம், வேலை நாள் என்று கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் இரண்டு முறை படிக்கவும். மாதக் கணக்கில் தந்த கெடுவுக்கு இந்தக் கழிவு கிடையாது, கடைசி நாள் விடுமுறையாக விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். நீதிமன்றக் கெடுக்களுக்கு விதிகள் தனி, அவற்றை வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

விடுமுறை நாளில் சமையலுக்கு வாங்கப் போவது

மத்தியச் சந்தை திங்கள் முதல் சனி வரை, பிற்பகல் 3 மணி வரைதான். ஞாயிறும் விடுமுறையும் கிடையாது. பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகளும் அப்படியே. முந்தின நாள் மாலை அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தாலே மறுநாள் என்ன என்று தெரிந்துவிடும். மருந்துக் கடை மட்டும் முறை வைத்து ஏதாவது ஒன்று திறந்திருக்கும். மூடிய கடையின் வாசலிலேயே எது திறந்திருக்கிறது என்று ஒட்டியிருப்பார்கள். ஆகஸ்டில் சின்னக் கடைகளும் குடும்ப உணவகங்களும் மாதம் முழுக்கவே பூட்டிக்கொண்டு போய்விடுவதுண்டு, அதற்கும் விடுமுறைப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை.

ஃபாயாஸ்: தேதியிலேயே கோட்டை விடுவது

2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெருவிழா ஃபாயாஸ். தெருச் சந்திகளில் மாடி உயரத்துக்கு எழுப்பும் கேலிச் சிற்பங்களுக்கு ஃபாயா என்று பெயர். நகரில் பெரியதும் குழந்தைகளுக்கான சிறியதுமாகச் சேர்த்து எழுநூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் மார்ச் 19 இரவு எரிந்து சாம்பலாகும். 20-ஆம் தேதி காலை வந்து இறங்கி "சிலைகள் எங்கே?" என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர்கள் விடிவதற்குள் சாம்பலைக்கூட அள்ளியிருப்பார்கள்.

10-ஆம் தேதி வாக்கில் வருவதும் பயனில்லை, அப்போது லாரியிலிருந்து இறக்கிய துண்டுகளைத்தான் பார்க்கலாம். பெரிய சிற்பங்கள் 16 காலை பரிசுக்கான நடுவர்கள் வருவதற்குள் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே பார்ப்பதற்கான நாட்கள் 16 முதல் 19 வரை. 16, 17 காலை 9 மணிக்கு நடக்கத் தொடங்கினால் நா ஜோர்தானா, கொன்வெந்தோ ஜெருசலேன் போன்ற முதல் தரப் பிரிவுச் சிற்பங்களை நெரிசல் இல்லாமல் சுற்றிப் பார்க்கலாம். 18 இரவு போனால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். கம்பாநார் பகுதியின் ஃபாயா மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத ஒன்று அது.

தங்கும் இடம் மையத்தில் இருந்தால் விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடிக்க வேண்டாம். தெருக்களை அடைத்திருப்பார்கள், ஓட்டுநர் தடுப்பு வரைதான் வருவார், மிச்ச தூரம் பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். மெட்ரோவின் 3, 5-ஆம் பாதைகள் விமான நிலையத்திலிருந்து ஷாத்திவா, கொலோன் நிலையங்களுக்கு நேராக வரும். பகல் ஒன்று முதல் மூன்று வரை அந்த இரண்டிலும் இறங்குவதைத் தவிர்த்தால் போதும், காரணம் அடுத்த பத்தியில்.

மஸ்கிளெதாவுக்குப் போய் வானத்தைப் பார்ப்பது

மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு மாநகராட்சிச் சதுக்கத்தில் நடப்பது மஸ்கிளெதா. பட்டப்பகலில் வாணவேடிக்கையா என்று சலித்துக்கொள்பவர்கள் இதன் சங்கதியைப் பிடிக்கவில்லை. இது கண்ணுக்கு இல்லை, காதுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும். நம்மூர்த் தவில் தனியாவர்த்தனம் போல மெதுவாகத் தொடங்கி, காலப்பிரமாணம் ஏறி, கடைசியில் தரையோடு கட்டிய வெடிகள் ஒருசேர வெடிக்கும்போது கால் வழியே அதிர்வு ஏறும். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு உள்ளூரில் "நிலநடுக்கம்" என்றே பெயர். மொத்தம் ஐந்து முதல் ஏழு நிமிடம். மருந்து நூறு கிலோவுக்கு மேல், சத்தம் 120 டெசிபலைத் தாண்டும்.

2 மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்தால் பக்கத்துத் தெருவில்தான் நிற்க இடம் கிடைக்கும். சாதாரண நாட்களில் 1 மணிக்கு, 15-க்குப் பிறகு 12 மணிக்கே வந்துவிட வேண்டும். வந்ததும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். காற்று போகும் திசையில் நின்றால் கந்தகப் புகை முழுக்க உங்கள் மேல்தான், வெடித்த அட்டைத் துணுக்கும் கண்ணில் விழும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் வாயை லேசாகத் திறந்துவைத்து நிற்பார்கள், செவிப்பறையில் அழுத்தம் குறைய. அதைப் பார்த்துவிட்டுச் சின்னக் குழந்தைகளையும் வெறும் காதோடு நிறுத்துவது தவறு. அவர்களுக்குக் காதை முழுக்க மூடும் காப்பு வேண்டும், வேலியோரம் வேண்டவே வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்வது வீண். அந்த மைக்கில் ஏறுவது வெறும் இரைச்சல்.

பூக்காணிக்கை நாளில் தெருவைக் கடக்க நினைப்பது

17, 18 இரண்டு நாளும் பிற்பகல் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் வரிசை வரிசையாகக் கன்னி மாதாவுக்குப் பூக்கொத்து எடுத்துப் போவார்கள். சான் விசென்தே தெரு, லா பாஸ் தெரு ஆகிய இரண்டு வழியாகவும் கன்னி மாதா சதுக்கத்துக்கு ஊர்வலம் நுழையும். இந்த இரண்டு கோட்டுக்கும் குறுக்கே உங்கள் விடுதி இருந்தால் மாலையில் "அஞ்சு நிமிஷ நடை" ஒரு மணி நேரமாகும். பழைய நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகுங்கள். சுமார் 14 மீட்டர் உயர மரச்சட்டத்தில் ஆட்கள் ஏறி ஏறிப் பூக்கொத்தைச் செருகி மாதாவின் மேலாடையை நெய்வார்கள். அது முழுசாக முடிந்த அழகைப் பார்க்க 19 காலைதான் சரி, அதற்குப் பிறகும் சில நாள் அப்படியே இருக்கும்.

எரிக்கும் இரவில்

19 இரவு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபாயாவைப் பார்க்கலாம் என்று ஓடுவதுதான் பெரிய தவறு. குழந்தைகளின் ஃபாயாக்கள் 8 மணிக்கு, பெரியவை 10 மணிக்கு, மாநகராட்சியின் ஃபாயா கடைசியாக 11 மணிக்கு என்பது அண்மை ஆண்டுகளின் ஏற்பாடு. ஆனால் கட்டடங்களுக்கு மிக நெருக்கமான ஃபாயாக்களில் தீயணைப்பு வண்டி வந்து சுவரை நனைத்த பிறகே திரியில் நெருப்பு வைப்பார்கள். வண்டி தாமதமானால் எல்லாம் தாமதம். பரிசு வாங்கிய ஃபாயாவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் நிற்பதைவிட, பேர் தெரியாத ஒரு பேட்டை ஃபாயாவுக்குப் போவதே எங்கள் சிபாரிசு. பத்தடி முன்னே நிற்கலாம், எரியும்போது அந்தப் பேட்டைப் பெண்கள் அழுவதையும் பார்ப்பீர்கள்.

நைலான் ஜாக்கெட் வேண்டாம். பொறி பட்டால் ஓட்டை விழும். பருத்தியோ கம்பளியோ போடுங்கள். சிற்பங்களில் பெரும்பகுதி தெர்மோகோல் என்பதால் புகை கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு வரும். வெள்ளைச் சட்டைக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அந்த இடம் உகந்ததல்ல.

தெருவில் போட்டிருக்கும் கூடாரங்களில் பாயெயா என்ற அரிசி உணவுச் சட்டி கொதிப்பதைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அவை அந்தந்த ஃபாயா சங்க உறுப்பினர்கள் ஆண்டு முழுக்கச் சந்தா கட்டி நடத்துபவை. இரவு நடனமும் தெருவோரப் பூசணி போண்டாவும்தான் எல்லோருக்கும். பட்டாசு வாங்குவதற்கும் வயது வரம்பு உண்டு: வகைக்கு ஏற்ப 12, 16, 18.

மீதி ஆண்டு

செவியா நகரம் போல ஈஸ்டர் ஊர்வலத்தைப் பழைய நகரத்தில் தேடுவார்கள். வலென்சியாவில் அது கடலோரப் பேட்டைகளான கபன்யால், கன்யமேலார், கிராவ் பகுதிகளில் நடப்பது. பெரிய சனி நள்ளிரவில் அங்கே மாடிகளிலிருந்து பழைய பாத்திரங்களைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். பால்கனிக்கு அடியில் நடக்க வேண்டாம். கார்பஸ் கிறிஸ்தி (கிறிஸ்துவின் திருவுடல் விழா) ஞாயிறு நண்பகல் ஊர்வலத்திலும் மேலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் விழும். ஜூலை கடைசி ஞாயிறு அலமேதா சாலையில் 1891 முதல் நடந்துவரும் மலர்ப் போர்; தேரில் வரும் பெண்கள் டென்னிஸ் மட்டையோடு நிற்பது அழகுக்கு இல்லை, பார்வையாளர்கள் எறியும் செண்டுமல்லியைத் தடுக்க. முன்வரிசையில் உட்கார்ந்தால் உங்கள் மேலும் விழும்.

2011-ல் வந்த ஓர் இந்திப் படத்துக்குப் பிறகு இந்தியர்கள் தேடிவரும் தக்காளிச் சண்டை வலென்சியா நகரத்தில் நடப்பதில்லை. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி புன்யோல் ஊரில், ஆகஸ்ட் கடைசி புதன். 2013 முதல் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

அக்டோபர் 9 மாநில நாள். 1238-ல் முதலாம் ஜாவுமே மன்னர் நகருக்குள் நுழைந்ததன் நினைவு. வாணவேடிக்கை முந்தின இரவே, 8-ஆம் தேதி நள்ளிரவில் நடந்துவிடும். 9 இரவு காத்திருந்து பயனில்லை. பட்டுக் கைக்குட்டையில் பொதிந்து தரும் பாதாம் மாவுப் பழங்களை 7, 8 தேதிகளிலேயே வாங்கிவிடுங்கள், 9 காலை அடுமனைகளில் வரிசை தெருமுனை வரை நிற்கும், நல்லவை தீர்ந்திருக்கும். 2026-ல் 9 வெள்ளி, தேசிய நாளான 12 திங்கள். நான்கு நாள் தொடர் விடுப்பு என்பதால் விடுதி, ரயில் இரண்டையும் கோடையிலேயே பதிவு செய்ய வேண்டும். ஊரிலேயே இருப்பவர்களுக்கு அந்த நான்கில் காய்கறி வாங்கச் சனிக்கிழமை ஒன்றுதான்.