'ஜாயின்' பக்கத்தில் வேண்டாத 'வித்'

கூடுதுறையில் பவானி ஆறு காவிரியோடு கலக்கிறது. இதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால், நன்றாகப் படித்தவர்களும் 'பவானி ஜாயின்ஸ் வித் தி காவிரி' என்பார்கள். 'பவானி ஜாயின்ஸ் தி காவிரி' என்றாலே போதும். நடுவில் 'வித்' வேண்டியதில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுக்கு நான் திருத்திக் கொடுப்பதுண்டு. 'ஐ ஜாயின்ட் இன் காலேஜ்' என்பதில் 'இன்'னை அடித்தபோது ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங்க சார், காலேஜ்ல சேர்ந்தேன்னுதானுங்க சொல்றோம்? அப்ப 'இன்' வரோணுமில்லீங்க?"

நியாயமான கேள்வி. தவறின் வேரே அங்கேதான் இருக்கிறது. நம் 'சேர்' என்ற வினைக்கு 'ஓடு', 'இல்' என்று உருபு வேண்டும். 'ஜாயின்' அப்படியல்ல. 'ஊரை அடைந்தான்' என்கிறோமே, அந்த 'அடை' போல அது நேராகப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். ஜாயின் தி கம்பெனி, ஜாயின் மீ, ஜாயின் தி மீட்டிங். மனதுக்குள் 'சேர்' என்று மொழிபெயர்க்காமல் 'அடை' என்று வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதன்பிறகு அவள் எழுத்தில் அந்தப் பிழை வரவில்லை.

அதற்காக 'இன்' வந்த இடமெல்லாம் அடித்துவிடக் கூடாது. 'ஜாயின்ட் இன் ஜூன்' சரிதான். அந்த 'இன்' மாதத்துக்கு உரியது. ஊரில் வள்ளி கும்மி நடக்கும்போது நாமும் இறங்கி ஆடினால் அது 'ஜாயின்ட் இன்'. பக்கத்து ஊர்க்காரர்களோடு கைகோத்துக் குளத்தைத் தூர்வாரினால் அங்கே 'ஜாயின்ட் வித்' பொருந்தும், இரு தரப்பும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்வதால்.

'அட்டாச்' என்ற சொல்லையும் இதோடு குழப்புகிறார்கள். தையல் லைனில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கைப்பழக்கத்திலேயே தெரியும். முன் பீஸையும் பின் பீஸையும் தோளில் இணைப்பது ஜாயின். உடம்புத் துணியில் கையை ஏற்றுவதும் லேபிள் வைப்பதும் அட்டாச். சமமான இரண்டு கூடினால் முதல் சொல், பெரியதோடு சிறியது ஒட்டினால் இரண்டாவது. ஆகவே மெயிலில் ஃபைல் போகும்போது அட்டாச்தான். அதற்குப் பின்னால் 'டு' வரவேண்டும், 'வித்' அல்ல.

'ஜாயின் டுகெதர்' என்றாலே சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு நூல் முனைகளை இணைக்கும்போது இங்கிலீஷ்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். 'மெர்ஜ் டுகெதர்' என்பதுதான் தேவையில்லாத சுமை. மெர்ஜ் என்றாலே ஒன்றாகக் கலந்துவிட்டது என்று பொருள்.

'ஜாயின்' என்ற சொல்லின் மூலம் லத்தீனில் பூட்டுவதைக் குறிக்கும் ஒரு வினை. சேலம், கோவை, திருச்சிப் பாதைகள் கூடும் ஈரோடு ஜங்ஷனின் 'ஜங்ஷன்' அதிலிருந்து வந்ததுதான். மாட்டின் கழுத்தில் ஏறும் நுகத்தடிக்கு இங்கிலீஷில் 'யோக்' என்று பெயர்; அதுவும் இதற்கு உறவுதான். சட்டையின் தோள்பட்டைத் துண்டை நம் டெய்லர்கள் 'யோக்' என்கிறார்களே, அதே சொல்.