ரோமானிய எல்லையில் ஒரு கொலை: சிரிக்கவைக்கும் துப்பறியும் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏதோ ஒரு வருடத்தின் மே 18. கி.பி. 90-ஐ ஒட்டிய காலம். வட பிரிட்டனில் உள்ள விண்டோலாண்டா கோட்டையில் துங்ரியர் படைப்பிரிவின் எழுத்தர் ஒருவர் மெல்லிய மரத்தகட்டில் மையால் ஆள்கணக்கு எழுதுகிறார். மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் ஊரிலேயே இல்லை: 337 பேர் பக்கத்திலிருந்த கோரியா என்ற கோட்டையில், 46 பேர் ஒரு மேலதிகாரியின் காவலுக்கு, மற்றவர்கள் ஆங்காங்கே. மிச்சம் 296 பேர். அதிலும் 31 பேர் வேலை செய்ய முடியாதவர்கள். 15 பேருக்கு உடம்பு சரியில்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்நோய்.

ரோமானிய எல்லையை வைத்து நகைச்சுவையான துப்பறியும் கதை எழுத நினைக்கும் யாரிடமும் நான் முதலில் காட்டுவது இந்தத் தகட்டைத்தான். கொலை நடந்த இரவில் கோட்டைக்குள் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ‘என் கண்ணாலேயே பார்த்தேன்’ என்று அடித்துச் சொல்லும் சாட்சி அந்தப் பத்துப் பேரில் ஒருவனாக இருந்தால், சிரிப்பும் வந்துவிடும், வழக்கும் ஒரு படி நகர்ந்துவிடும். இந்த வகை நாவலில் துப்பும் சிரிப்பும் ஒரே இடத்திலிருந்து வரவேண்டும். நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் தனித்தனியாக வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதால் வருபவை.

கோட்டையை எப்போதும் போர் நடக்கும் இடமாகக் காட்டுவது அப்படி ஒன்று. பனி, முரசு, சுவருக்கு அப்பால் கூச்சலிடும் கூட்டம் என்று முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். எல்லைக் கோட்டை பெரும்பாலான நாட்களில் ஓர் அலுவலகம் மாதிரிதான் இயங்கியது. விடுப்பு விண்ணப்பம், சரக்குப் பட்டியல், கடன் பாக்கி, சிபாரிசுக் கடிதம். விண்டோலாண்டாவில் இப்படி மரத்தகட்டில் எழுதிய கடிதங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மஸ்குலுஸ் என்ற குதிரைப்படை அதிகாரி தன் ஆட்களுக்குப் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதுகிறார். ஒக்டாவியுஸ் என்பவர் தானியம் வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு, உடனே பணம் அனுப்பாவிட்டால் கொடுத்ததும் போய் மானமும் போகும் என்று பதறுகிறார். கூடவே, சாலை மோசமாக இருப்பதால்தான் போய்த் தோலை எடுத்துவரவில்லை என்கிறார். இவ்வளவு நல்ல கொலைக் காரணங்கள் கையில் இருக்கும்போது காட்டுமிராண்டிப் படையெடுப்பு எதற்கு?

காலக் குழப்பம் அடுத்தது. விண்டோலாண்டாக் கடிதங்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த தளபதி பிளாவியுஸ் கெரியாலிஸ். அவருடைய பட்டாவியர் படை 105-இல் அங்கிருந்து கிளம்பிவிட்டது. ஹேட்ரியன் பேரரசர் பிரிட்டனுக்கு வந்தது 122-இல். வட பிரிட்டனின் குறுக்கே அவர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரின் வேலை தொடங்கியதும் அதை ஒட்டித்தான். ஆகவே கெரியாலிஸைச் சுவர்மேல் நின்று வடக்கே வெறிக்கவிட்டால், பதினேழு வருடம் தள்ளி ஒரு பிழை விழுகிறது. சுவரைப் பற்றியே இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமார் 117 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் ரோமானிய மைலுக்கு ஒரு வாயில் இருந்தது. மேற்குப் பகுதியை முதலில் கல்லால் அல்ல, புல்கரணை மண்ணால்தான் எழுப்பினார்கள். யாரும் தாண்ட முடியாத சுவர் என்று எழுதிவிட்டு, அதைத் தாண்டிய கொலையாளியைப் பெரிய மர்மமாக்குவது வாசகரை ஏமாற்றுவதாகும். வாயிலில் நின்ற காவலர்கள் வருவோர் போவோரைப் பார்த்து அனுப்பினார்கள். உங்கள் கதாநாயகன் போய் விசாரிக்க வேண்டியது அவர்களைத்தான்.

சரி, அந்தக் கதாநாயகன் யார்? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இன்றைய போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு இரும்புக் கவசம் மாட்டிவிட்டால் ரோமானியத் துப்பறிவாளர் கிடைத்துவிட மாட்டார். ரோம் நகரத்தில் அகஸ்டஸ் காலத்திலிருந்து தீயணைப்பும் இரவுக் காவலும் செய்த ஒரு படை இருந்தது. எல்லையில் அதுவும் இல்லை. களவோ கொலையோ நடந்தால் ஜனங்கள் ராணுவத்திடம்தான் போனார்கள். லுகுவாலியத்தில், அதாவது இன்றைய கார்லைலில், அன்னியுஸ் எக்வெஸ்தெர் என்று ஒரு செஞ்சுரியன் (நூற்றுவர் தலைவர்) அந்த வட்டாரத்துக்கே பொறுப்பாக இருந்ததை ஒரு கடிதம் சொல்கிறது. படைவீரன், அதிகாரி, நாட்டாமை மூன்றும் கலந்த அப்படி ஓர் ஆளைக் கதாநாயகனாக்கினால் அவருக்கு அதிகாரமும் இருக்கும், தலைவலியும் இருக்கும்.

நீதி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு மனுவே கிடைத்திருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு வியாபாரியைத் தடியால் ரத்தம் வர அடித்திருக்கிறார்கள். அவர் தளபதியிடம் முறையிடப் போனால் தளபதிக்கு உடம்பு சரியில்லை. அடுத்த அதிகாரியிடம் போயும் பயனில்லை. செஞ்சுரியன்களிடமும் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘நான் குற்றமற்றவன், கடல் கடந்து வந்தவன்’ என்று மிக உயர்ந்த இடத்துக்கு முறையிடுகிறார். பேரரசர் ஹேட்ரியனுக்கே எழுதியது என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு. அதே கையெழுத்தில் ஒரு கோதுமைக் கணக்கும் கிடைத்திருக்கிறது. எனக்கு இந்த மனுவைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். ஒரு நாவலுக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது: ஒவ்வொரு கதவாக அலையும் மனிதர், சரியான நேரத்தில் நோயில் படுக்கும் தளபதி, எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் கையெழுத்து.

அப்புறம் நேரம். ‘மூன்றாம் மணிக்கு நான் குளியல் கூடத்தில் இருந்தேன்’ என்று சந்தேகத்துக்குரியவன் சொல்கிறான். அந்த மணி எவ்வளவு நீளம்? ரோமானியர்கள் பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் பிரித்தார்கள். பகல் நீண்டால் பகல் மணியும் நீளும். சுவர் இருக்கும் 55 பாகை அட்சரேகையில் டிசம்பர் பகல் ஏழு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்; ஜூனில் பதினேழுக்கும் மேல். ஆகவே குளிர்காலத்தில் ஒரு பகல் மணி ஏறக்குறைய 36 நிமிடம், கோடையில் 87 நிமிடம். இதைக் கவனிக்காமல் எழுதினால் சந்தேகத்துக்குரியவன் தப்பித்ததும் தப்பு, மாட்டியதும் தப்பு. தமிழில் எழுதுகிறவர்கள் நாழிகை என்று போட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது. நம் நாழிகை 24 நிமிடம், எந்தப் பருவத்திலும் மாறாது. ‘மணி’ என்றே எழுதி, அது சுருங்குவதையும் நீள்வதையும் கதைக்குள் காட்டுவது நல்லது. தெற்கிலிருந்து புதிதாக வந்த அதிகாரிக்குக் கோடை இரவில் தூக்கமே போதாது என்பதில் சிரிப்பும் இருக்கிறது.

சில்லறைப் பிழைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், சோளப்பொரி எதுவும் கூடாது. குதிரைச் சேணத்தில் கால்வளையம் கிடையாது. காகிதம் கிடையாது. மிளகு உண்டு. கம்பாக்ஸ் என்பவன் இரண்டு தினாரியுஸுக்கு மிளகு வாங்கியதாக விண்டோலாண்டாக் கணக்கு ஒன்று சொல்கிறது. அந்த மிளகு முசிறிப் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும். யவனர் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு பாடுகிற அதே வணிகம் (கறி என்றால் மிளகு). இந்த ஒரு சிட்டிகை மிளகு போதும். இதைச் சாக்காக வைத்துச் சேர இளவரசன் ஒருவனைச் சுவருக்கு அனுப்பும் ஆசையை விட்டுவிடுங்கள்.

சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். சுவரோரம் எல்லாரும் ‘ரோமானியர்கள்’ என்று எழுதுவதால் பாதி நகைச்சுவை காணாமல் போகிறது. அங்கே இருந்தவர்கள் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம், சிரியா, வட ஆப்பிரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்கள் பேசிய உடைந்த லத்தீன், மழையில் நனைந்த சிரிய வில்லாளி, வீட்டிலிருந்து காலுறையும் உள்ளாடையும் வந்த மகிழ்ச்சி, இதெல்லாம் இயல்பான சிரிப்பு. விண்டோலாண்டாவில் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஒரு வரியை யாரோ எழுதிப் பழகியிருக்க, வேறொரு கை பக்கத்தில் ‘மந்தம்’ என்று குறித்திருக்கிறது. செகுந்தினுஸ் என்பவரை மலம் கழிப்பவன் என்று திட்டிச் செதுக்கிய கல்லும் அங்கே கிடைத்தது. இவ்வளவு மெனக்கெட்டுக் கல்லில் செதுக்கும் அளவுக்கு என்ன கோபம் என்று கேட்டால் கதை தானாகத் தொடங்கும்.

உள்ளூர் மக்களை முட்டாள்களாக்கிச் சிரிக்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கிருந்த ஒரு ராணுவக் குறிப்பு அவர்களை ‘பிரித்துன்குலி’, அற்பப் பிரிட்டன்காரர்கள், என்று இளக்காரமாகச் சொல்கிறது. அந்த இளக்காரம் ஒரு பாத்திரத்துக்கு இருக்கலாம், நாவலுக்கு இருக்கக் கூடாது. அடிமைகளும் அப்படித்தான். ரோமானியச் சட்டத்தில் அடிமையின் சாட்சியம் பொதுவாகச் சித்திரவதை செய்து வாங்கப்பட்டது. விசாரணைக் கதையில் இதைத் தவிர்க்க வழியில்லை, வேடிக்கையாக்கவும் கூடாது. சிரித்துக்கொண்டே வந்த வாசகர் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். சிரியாவின் பல்மைரா ஊர்க்காரர் பராதெஸ், தான் விடுதலை செய்து மணந்த ரெகினா என்ற பிரிட்டன் பெண்ணுக்கு எழுப்பிய கல்லறைக்கல் வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்தது. அதிலுள்ள லத்தீன் வாசகத்துக்குக் கீழே அவர் தன் சொந்த மொழியில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். நகைச்சுவை நாவலுக்குள்ளும் இந்த மனிதர்களுக்கு இடம் வேண்டும்.

கடைசியாக, பேச்சு. படைவீரர்களை ‘பிரபுவே’, ‘அடே மூடா’ என்று நாடகத் தமிழில் பேசவைக்கிறார்கள். அந்தக் கடிதங்களில் அதிகாரிகள் ஒருவரை ஒருவர் ‘சகோதரனே’ என்றுதான் அழைக்கிறார்கள். தமிழில் அண்ணே, தம்பி என்று கூச்சமில்லாமல் வைக்கலாம். சுமார் கி.பி. 100-இல் கிளவுதியா செவெரா தன் பிறந்தநாளுக்கு, செப்டம்பர் 11-க்கு, கெரியாலிஸின் மனைவி சுல்பிகியா லெபிதினாவை அழைத்தபோதும் ‘சகோதரி’ என்றே எழுதினார். கடிதத்தை எழுத்தர் எழுத, முடிவில் சில வரிகளைச் செவெரா தன் கையாலேயே சேர்த்தார். கடிதம் அனுப்புகிறவர்கள் முடிவை இப்படிச் சொந்தக் கையால் எழுதுவது அப்போது வழக்கம். உங்கள் கதையில் போலிக் கடிதம் ஒன்று வந்தால், துப்பறிகிறவர் முத்திரையை விட்டுவிட்டு நேராகப் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி வரிகளைத்தான்.