கலோமல் கறுத்தால் கறுத்ததுதான்: கல் சேர்ப்போர் தவிர்க்க வேண்டியவை

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடென்றால் பின்னேர வெயில் யன்னலோர அலுமாரிக்குள் நேரே இறங்கும். மற்றப் பல கற்களுக்கு அதனால் பெரிய கேடில்லை. கலோமலை அங்கே வைத்தால் அதை இழந்துவிடுவீர்கள்.

கலோமல், பாதரசமும் குளோரீனும் சேர்ந்த அரிய கனிமம்; எடையில் 85 சதவீதம் பாதரசம். ஜெர்மனியின் மோஷெல்லாண்ட்ஸ்பெர்க், டெக்சாசின் டெர்லிங்குவா போன்ற பழைய பாதரசச் சுரங்கப் பகுதிகளில் கிடைத்தது. வெளிச்சம் பட்டால் அது பாதரசமாகவும், நீரில் கரையும் கொடிய நஞ்சான மேர்க்கூரிக் குளோரைட்டாகவும் பிரியும். கல்லைக் கறுப்பாக்குவது அந்த நுண்ணிய பாதரசத் துளிகள்தான். பிறகு எதைப் பூசினாலும் பழைய நிறம் வராது. அலுமாரியின் கண்ணாடிக் கதவும் காப்பாற்றாது. நீண்ட அலை புற ஊதாக் கதிர் அதனூடாக வந்துவிடும்.

வெளிச்சத்தை மறைக்க அலுமினியத் தாளில் சுற்றுவது இன்னும் மோசம். கசியும் பாதரசம் அலுமினியத்தின் ஒட்சைட்டுத் தோலைக் குலைத்துவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் தாள் வெண்பஞ்சு போலப் பூத்து உதிரும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவைக் கறுப்புக் காகிதத்தால் சுற்றி, மேலே பெயரும் ‘பாதரசம், நஞ்சு’ என்ற எச்சரிக்கையும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

புற ஊதா விளக்கில் கலோமல் செங்கல் சிவப்பாக ஒளிரும். பார்க்கப் பார்க்க ஆசை தீராது. ஆனாலும் சில விநாடிகளில் விளக்கை அணைத்துவிடுங்கள். அந்த ஒளியும் கல்லைத் தின்னும்.

தூசு துடைக்கக் கண்ணாடி கழுவும் திரவம் வேண்டாம். அதில் அமோனியா இருந்தால் தொட்ட இடம் உடனே கறுக்கும்.

அடையாளம் காண நகத்தால் கீறுவதும் தவறு. மோஸ் அளவில் அதன் கடினம் 1.5, நகம் 2.5. கீறல் விழும், நகக்கண்ணில் பாதரசத் தூள் தங்கும். கையுறை போட்டு எடையைப் பாருங்கள்: அடர்த்தி ஏறத்தாழ 7.15, படிகக்கல்லுக்கோ 2.65. தங்க மோதிரத்தை முதலிலேயே கழற்றிவிடுங்கள், பாதரசம் பட்டால் வெளுத்துவிடும்.

சித்த வைத்தியம் ‘பூரம்’ என்பது இதே சேர்மந்தான். மருந்துதானே என்று நாவில் வைத்துவிடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேல்நாடுகளில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கலோமல் தூள் கொடுத்தார்கள். கைகால் சிவந்து உரியும் நோயில் பல குழந்தைகள் துன்பப்பட்டன.

கல் உடைந்தால் தும்புத்தடியால் கூட்டாதீர்கள், வாக்குவம் கிளீனரும் வேண்டாம்; தூளும் ஆவியும் அறையெங்கும் பரவும். ஏசியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, ஈரக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, இறுக மூடும் போத்தலில் அடையுங்கள்.